ஆடி கழியட்டும் என்று நின்றுபோன இன்சூரன்ஸ்

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எங்கள் காரைவிட மூத்த வண்டி வேறு கிடையாது. விற்றுவிடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை. அவளுடைய சக்கர நாற்காலியை மடித்தால் இந்தக் காரின் டிக்கியில் அடங்கும். டாக்சிக்காரர்களின் டிக்கியிலோ கேஸ் சிலிண்டர் படுத்திருக்கும். லோக்கல் ரயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாட்டுங்காவில் அவள் படிக்கும் கல்லூரிக்குக் காலையில் கொண்டுவிட்டு, மதியம் அழைத்துவருவது என் வேலை. என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஓட்டச் சொல்லித்தர மட்டும் நன்றாகத் தெரியும்.

போன வருஷம் மழைக்காலத்தில் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காரின் மதிப்பு வருஷா வருஷம் இறங்க, கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பழைய கம்பெனி கேட்ட தொகையைப் பார்த்துக் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஏஜெண்டிடம் கேட்டால், இவ்வளவு பழைய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் எதற்கு என்றான். கல்லூரிக்குப் போகும் வழியில் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மழைக்குத் தண்ணீர் எங்கே ஏறும் என்று அவனுக்குத் தெரியாதா? கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் போனும் கையுமாக ஒவ்வொரு கம்பெனியாக விலை பார்த்தார். கடைசியில் ஒன்று கட்டுப்படியாகும்படி கிடைத்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கட்டியிருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மகளை அழைத்துவர மதியம் மூன்று மணி வாக்கில் கிளம்பினேன். நல்ல மழை. சயானுக்குச் சற்று முன்னால், தாராவிப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் ஒருவர் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய் அவர் வண்டியில் இடித்தது.

இறங்கி ஓடினேன். அவர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் மழையில் கரைந்து ஓடியது. பயத்தில் எனக்கு ஹிந்தி வாயில் வரவில்லை. அடி பலமா என்று தமிழில்தான் கேட்டேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ போலீஸைக் கூப்பிடச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் காருக்குள் தலையை விட்டுக் காகிதத்தைத் தேடினேன். இருந்தது பழைய கம்பெனியின் காகிதம். கணவருக்குப் போன் செய்து, வண்டி ஒருத்தர் மேல் இடித்துவிட்டது, புதுசு எங்கே என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பழசு போன வாரமே முடிஞ்சுடுத்து. இது புதுக் கம்பெனி இல்லையா? ஆடி கழியட்டும்னு வெச்சிருக்கேன்."

பழைய கம்பெனியிலேயே கட்டியிருந்தால் அது பழைய காரியமாம். கம்பெனி மாறினால் புதுக் காரியமாம். ஆடியில் எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூடப் புதிதாக வாங்குவதில்லை. அந்தக் கணக்கில் காரையும் சேர்த்து, ஆவணி முதல் தேதிவரை என்னை மும்பை மழையில் ஓட விட்டிருக்கிறார். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இந்த மனிதருக்கு எலும்பு முறிந்திருந்தால் என்ன செய்வோம்? வீட்டை விற்போமா? காரைப் பறித்துக்கொண்டு போனால் மகள் கல்லூரிக்கு எப்படிப் போவாள்? கார்க் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து காலை உதறிப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்குக் கேட்காதபடி மெதுவாக, அவரும் தமிழிலேயே சொன்னார்.

"போலீசெல்லாம் வேண்டாம்க்கா. என் வண்டிக்கு இன்சூரன்ஸ் கெடையாது. நான் போயிருதேன்."

அவர் முகத்தில் இருந்ததும் என் பயமேதான். எனக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, நொண்டியபடி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போனதும் நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதர் ரத்தத்தோடு போவதைப் பார்த்து நிம்மதி வருகிறதே என்று அதுவும் பயமாக இருந்தது.

கணவருக்கு மறுபடி போன் செய்து, இப்போதே பணம் கட்டச் சொன்னேன். "இப்போ ராகு..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். விட்டுப்போன முழு இன்சூரன்ஸுக்குக் கம்பெனி ஆள் வண்டியை வந்து பார்க்க வேண்டுமாம், உடனே கிடைக்காது. அடுத்தவர்களுக்கு நேரும் சேதத்துக்கானதை மட்டும் கட்டினார். அதுவும் அன்று நள்ளிரவிலிருந்துதான் செல்லும் என்று செய்தி வந்தது.

கல்லூரி வாசலில் எனக்கு முன்பே கணவர் வந்து நின்றுகொண்டிருந்தார், ரயிலைப் பிடித்து, குடைகூட இல்லாமல். காரை இங்கேயே விட்டுவிடலாம் என்றேன். போனில் கூப்பிட்ட வண்டிகள் மழையைச் சாக்கிட்டு வரவில்லை. நின்ற ஒரு டாக்சிக்காரர் டிக்கியைத் திறந்து சிலிண்டரைக் காட்டினார். வேறு வழியில்லை. மகளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்து, நாற்காலியை மடித்து வைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.

பஸ்கள்கூட ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போயின. கணவர் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தார். குறுக்கே நடந்த ஒவ்வொருவரும் எனக்கு விழப்போகிறவராகவே தெரிந்தார். மகள் முன்பக்கத்து நெளிசலைப் பார்த்திருந்தாள். சயான் தாண்டியதும், "அம்மா, நான் நாளைக்கு காலேஜ் போகலைன்னா ஒண்ணும் இல்லை" என்றாள்.

மழைக்கும் காய்ச்சலுக்கும் லீவு போடாத பெண். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"நாளைக்குப் போலாம்டி. இன்னிக்கு ஆத்துக்குப் போய்ச் சேர்ந்தா போறும்."

கட்டட வாசலில் என்ஜினை அணைத்தேன். கணவர் இறங்கி நாற்காலியை எடுத்துவந்து பின்கதவுப் பக்கம் விரித்து வைத்தார். நான் அசையவில்லை. பிரேக்கை மிதித்த கால் அப்படியே விறைத்துப்போயிருந்தது. மகள்தான் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"வந்தாச்சும்மா. காலை எடு."