நிறைத்து வைத்த பேட்டரி

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறார். நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வருடத்தில் இரண்டு முறைதான் வருவார்; வந்தாலும் சொந்தக்காரர்கள் கூட்டம் விடாது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஒரு பழைய வேனை வாங்கிக் கட்டில், அடுப்பு, கூரைமேல் சோலார் எல்லாம் போட்டோம். கட்டிலுக்கு அடியில் லித்தியம் பேட்டரி. தூங்கும்போது அவருக்கு மூச்சு அடைக்கும். முகத்தில் மாட்டுகிற மெஷின் இல்லாமல் இரவில் படுக்கக் கூடாது. அது ஓடப் பேட்டரி இருந்தால்தான் சுங்கை செம்பிலாங் கடலோரத்தில் இரண்டு இரவு தங்க முடியும்.

போன தடவை சிங்கப்பூர் திரும்பும்போது படித்துப் படித்துச் சொன்னார். "பாதி சார்ஜுல வையி. சோலார் சுவிட்ச அடச்சிரு. வேன நெழல்ல நிப்பாட்டி ஜன்னல தொறந்து வையி. வெயில்ல ஃபுல்லா கெடந்தா பேட்டரி போயிரும்லா."

நன்றாகத் தலையாட்டினேன். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் எதுவும் பாதியாக இருக்கக் கூடாது. அரிசி டின், உப்பு ஜாடி, கேஸ் தோம்பு எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குக்கூட எண்ணெய் முழுக்க ஊற்றுவேன். அதே கையோடு வேனையும் வெயிலில் நிறுத்தி சோலார் சுவிட்சைப் போட்டேன். பேட்டரி மீட்டர் நூறு காட்டியதும் அப்படி ஒரு திருப்தி. செம்பனை ஆலைக் கரி படியாமல் ஜன்னல்களை இறுக மூடி, அவர் வரும்வரை நிறைந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் லீவில் வந்தார். கட்டில் பலகையைத் தூக்கினால் பேட்டரி வயிறு வீங்கிக் கிடக்கிறது. பேட்டரி விற்ற கடைக்காரர் வந்து பார்த்து, "இத இனிமே மாட்டாதீங்க, டேஞ்சர். புதுசு வர ரெண்டு வாரம் ஆவும்" என்று கழற்றிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மறுநாள் பகலுக்கு மட்டும் போய் வரலாம் என்று சுங்கை செம்பிலாங் போனோம். வேனின் பின்கதவைத் திறந்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டே என் தோளில் சாய்ந்து கண் அயர்ந்துவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். தோள் மரத்துப்போயும் நான் அசையவில்லை. இந்த மனுஷனுக்காக எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

விழித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போலாமா?"

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது, "இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்க" என்பதுதான்.