அவுட்டோருக்கு முன்னால மூணடி

ஏசி மெக்கானிக் வேலையில மெஷினைச் சரி பண்றது அரை மணி நேரம்தான், அதுக்கு முன்னால மூணடி இடத்தைக் காலியா விடுங்கன்னு வீட்டுக்காரங்ககிட்ட கெஞ்சறது மிச்ச நாள் பூரா. வெளிய இருக்கிற அவுட்டோர் பெட்டிதான் ரூம் சூட்டை வெளிய துப்புது. துப்ப இடம் இல்லன்னா நின்னுடும். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போனவங்க யாராவது இதைப் படிச்சா என் வயித்தெரிச்சல் புரியும்.

எங்க ஆபீசுல ஒரு சட்டம். ஒரே வீட்டுலருந்து ஒரே மாசத்துல மூணு தடவை 'கூலிங் இல்ல'ன்னு புகார் வந்தா, அந்த மெக்கானிக்கை சர்வீஸ்லருந்து எடுத்து குடோன்ல பெட்டி தூக்கப் போட்டுடுவாங்க. எனக்கோ இடுப்பு வலி. போன மே மாசம் பாண்டியில ஒரே ஒரு வீடு என்னை அந்த குடோன் வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போச்சு.

பெட்டிக்கு ஒரு பெட்டி

வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவே அவரை, பிரெஞ்சுல ஐயான்னு சொல்ற மாதிரி, முசேன்னுதான் கூப்பிடும். மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், வீடு அப்படி ஒரு அழகு. கேட்டுக்குப் பக்கத்துல அவுட்டோர் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறது அவருக்குப் பொறுக்கல. ஆசாரியை வச்சு அதைச் சுத்தி மரப்பெட்டி அடிச்சு, வீட்டு ஜன்னல் மாதிரியே பலகைக் கதவு போட்டு, பூட்டும் போட்டுட்டார்.

முதல் புகாருக்குப் போய் அந்தப் பூட்டைத் திறந்தேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி மூஞ்சியில அடிச்சுது. பெட்டியைக் கழட்டினதும் ஏசி ஜம்முனு ஓடிச்சு. முசே தெருவுல நின்னு, மானம் போன மாதிரி அதையே பார்த்தார். அப்புறம் என்கிட்ட கேட்டார்:

"நாங்க அறுபது வருஷமா இந்த மாதிரி ஜன்னல் வழியாதானே தம்பி மூச்சு விடறோம், இதுக்கு மட்டும் என்னவாம்?"

மூணு முறம்

ஒன்பதாம் நாள் ரெண்டாவது புகார். போய்ப் பார்த்தா, அவுட்டோர் ஃபேனுக்கு நேரா ஸ்டூல் போட்டு மூணு முறம் சாத்தி வச்சிருக்கு. முறம் நிறைய வடகம். வெங்காயம், பூண்டு, கடுகு எல்லாம் போட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு உருட்டினது. முசேவோட சம்சாரம் மதாம் கைவேலை. மாடியில காய வச்சா காக்கா கொத்துதாம். இங்க நாள் பூரா சூடான காத்து, ஒரு காக்காகூட கிட்ட வராதாம்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஆனா அந்த வாசனைக்கு முன்னால எவன் கோபப்பட முடியும்? இன்னொரு புகார் போனா என் பொழப்பு போயிடும்னு மெதுவா எடுத்துச் சொன்னேன். மதாம் நிஜமாவே வருத்தப்பட்டாங்க. ஆனாலும் நியாயத்தை விட்டுக்கொடுக்கல:

"வீணாப் போற சூட்டைத்தானே தம்பி எடுத்துக்கிட்டேன், உங்க குளிர்ச்சியை நான் தொடவே இல்லையே."

என் புத்திசாலித்தனம்

இனி பேசிப் பிரயோஜனம் இல்லன்னு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் சட்டம் போட்ட மாதா படம் ஒண்ணு வாங்கினேன். மதாம்கிட்ட கேட்டுக்கிட்டு, ஃபேனுக்கு எதிர்ல இருக்கிற காம்பவுண்டு சுவர்ல மாட்டினேன். மாதாவை மறைச்சு யாராவது முறம் வைப்பாங்களா? மதாமுக்கு ஏக சந்தோஷம். நானும் என்னை நானே மெச்சிக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

பத்து நாள் கழிச்சு, கோரிமேட்டுல ஒரு வீட்டு ஏணி மேல நிக்கிறேன், முசே போன் பண்றார். ஏசி நின்னுபோச்சு, ஆபீசுக்குச் சொல்லப் போறேன்னார். சாமி, சொல்லாதீங்க, இதோ வந்துட்டேன்னு வண்டியை விரட்டினேன். அங்க போனா, படத்துக்கு மாலை, கீழ மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க செபமாலையும் கையுமா உக்காந்திருக்காங்க. ஃபேன் காத்துல மெழுகுவர்த்தி அணையுதுன்னு அவுட்டோர் மூஞ்சியை ஒட்டி ஆளுயர பிளைவுட் பலகையை நிறுத்தி வச்சிருக்கார் முசே.

படத்தை வீட்டுக்குள்ள மாத்திடலாமேன்னு வாயெடுத்தேன். செபம் நின்னுபோச்சு. அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. மதாம் ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க:

"மாட்டினது நீங்க தம்பி, உங்க கையாலயே கழட்டிடுங்க, நாங்க யாரும் வேணாம்னு சொல்ல மாட்டோம்."

எனக்குக் கை வரல. கேஸை மெஷினுக்குள்ளேயே இழுத்து அடைச்சு, பைப்பைக் கழட்டி, அவுட்டோரைக் கயிறு கட்டித் தோள்ல ஏத்தி, மொட்டை மாடியிலயே மாட்டிடலாம்னு படி இருபத்திரெண்டும் ஏறினேன். பின்னால முசே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, பட்டாளத்துல மாதிரி "அன், தெ, அன், தெ"ன்னு பிரெஞ்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டே வந்தார்.

மூணாவது புகார் போகல, என் பேரு இன்னும் சர்வீஸ்லதான் இருக்கு, இடுப்பைத்தான் குடோனுக்கு அனுப்பிட்டேன்.