ஒரே மைக்கில் அடங்கிய டிரம் செட்டு

ஒரு வாய் பேசினால் ஒரு மைக் போதும். ஐந்து வாய் சேர்ந்து பேசும்போதுதான் மைக் செட்டுக்காரன் பாடு தெரியும். டிரம் செட்டுக்கு ஐந்து வாய்: பெரிய டிரம், சின்ன டிரம், நடுவில் இரண்டு, மேலே பித்தளைத் தட்டு. அதில் மாட்டி முழித்த சக தொழிலாளிகளே, கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருத்தணியில் எங்கள் நாடகக் குழு ஒரு ராஜா கதை போட்டது. யுத்தக் காட்சிக்கு டிரம் வாசிப்பவர் அரக்கோணத்து ஹென்றி, கூட்ஸ் வண்டி கார்டு. நாடகத்தன்று அவருக்கு டியூட்டி விழுந்துவிட்டது. “முன்கூட்டியே டேப்பில் பிடித்துவிடலாம்” என்று எல்லார் எதிரிலும் வீராப்பாகச் சொன்னவன், குழுவின் மைக் செட்டுக்காரனான நான். கையில் இருந்தது ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு மைக்.

முதல் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை, சத்திரத்துக் கூடம். பெரிய டிரம்முக்கு முன்னால் ஒரு மைக், சின்ன டிரம் பக்கத்தில் இன்னொன்று. ஹென்றி வேர்க்க வேர்க்க வாசித்தார். போட்டுக் கேட்டால் பெரிய டிரம் உறுமுகிறது. பித்தளைத் தட்டு எண்ணெயில் கடுகாகப் பொரிகிறது. நடுவில் இருந்த எதையும் காணோம். ஹென்றி என்னைப் பார்த்தார்.

“நான் யுத்தம் வாசிச்சேன் மேன். இங்கே யாரோ தாளிச்சிகினு இருக்கான்.”

பாவாவின் லுங்கிகள்

கருங்கல் சுவர் வேறு ஒவ்வொரு அடியையும் மூன்றாகத் திருப்பித் தந்தது. நல்லவேளையாக, பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, லுங்கி மூட்டைகளோடு ஊருக்கு வந்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அவற்றைப் பிரித்து, கயிறு கட்டி, சுவரை மறைத்துத் தொங்கவிட்டேன். கை தட்டிப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு ஒரே சத்தம்! பாவா முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

“சரக்கு அழுக்காச்சுன்னா, அத்தினி லுங்கியும் நீயேதான் கட்டிக்கணும், ஆங்.”

நகர்ந்த டிரம்

இரண்டாம் தடவை வாசிக்கும்போது, ஹென்றி காலால் பெடலை மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் அங்குலம் அங்குலமாக முன்னே நகர்ந்து மைக்கைக் கவிழ்த்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன், உயிர் இல்லை. ஹென்றி ஏற வேண்டிய அரக்கோணம் வண்டிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் ஹென்றியின் பின்னால் போய் நின்று, அவர் வாசிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவருடைய வலது தோளுக்கு மேலே ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து கேட்டன. மிச்சமிருந்த மைக்கை உத்தரத்திலிருந்து அங்கேயே தொங்கவிட்டேன். டிரம்முக்கு முன்னால் இரண்டு செங்கல் வைத்தேன். “தட்டை மெதுவா, பெரிசை ஓங்கி” என்று கேட்டுக்கொண்டேன். வாசித்து முடித்ததும் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, தெளிவாக! எனக்கு அழுகையே வந்துவிட்டது. குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டே ஹென்றி சொன்னார்:

“இத்தனை நேரம் நீ மைக்கைப் பார்த்துகினு இருந்தே. இப்பதான் மேன் என்னைக் கேட்டே.”

நாடகத்தன்று

டேப் அறுந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ என்று டேப் ரெக்கார்டர் பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. டிரம் முழங்க, ராஜா கத்தியை உருவ, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஒரு விவசாயி உள்ளே வந்தார், கையில் சொம்போடு.

“டிரம்மு அடிச்சிகினு இருந்தாரே, அவரு எங்கங்க? பாவம், களைச்சிப் போயிருப்பாரு. மோர் கொண்டாந்தேன்.”

அந்த மோரை நானே குடித்தேன். மைக் ஒன்றைப் பறிகொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?