ஃப்ளெக்ஸில் நின்ற அழகி

அழகிக்கு நாற்பது தாண்டிவிட்டது. சிறுபிள்ளையில் போலியோ வந்ததிலிருந்து அவள் இடது கால் தரையில் ஊன்றியதில்லை. கக்கத்தில் கட்டை இல்லாமல் அவள் நின்றது ஒரே இடத்தில்தான். தம்பி நாகராசு தன் புதுமனை புகுவிழாவுக்கு அரிமளம் ரோட்டில் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டில்.

அதில் பட்டுச்சேலை கட்டி, இரண்டு காலையும் ஊன்றி, கைகூப்பி நின்றாள். முகம் அவளுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ.

"யாருடா இவ?"

"கட்டையோட போட்டா நல்லாவா இருக்கும்? நான்தான் கடைக்காரன மாத்தச் சொன்னேன். கூடப் பொறந்தவள முன்னால நிப்பாட்டித்தானக்கா ஊரக் கூப்பிடணும்."

சிங்கப்பூரில் கம்பி கட்டிச் சம்பாதித்த வீடு. அவன் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அக்கா என்ற முறைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து பால் காய்ச்சிக் கொடுத்தாள். பின்னாலிருந்த ஓட்டு வீட்டிலிருந்து அவள் சாமான்களும் புது வீட்டுக்கு வந்தன.

கொஞ்ச நாளில் உதவித்தொகை நின்றுபோனது.

மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் அவளுக்குக் கொடுத்துவந்த பணம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தும் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தும் வருவது முகூர்த்த மாதங்களில்தான். இது மாசாமாசம் வந்தது. ஆத்தா படுக்கையில் கிடந்தபோது மாத்திரை வாங்கியதும், விசேஷ வீடுகளில் மொய் எழுதுபவரிடம் "அழகின்னு போடுங்க" என்று சொன்னதும் அந்தக் காசில்தான்.

தாலுகா ஆபீஸில் கிளார்க் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். ஃப்ளெக்ஸ்.

"ஒங்க ஊர்லேர்ந்தே பெட்டிசன் வந்திருக்கு. நல்லாத்தானம்மா நிக்கிறீங்க?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். அழகி கட்டையை உருவி ஃபைல்கள் மேல் கிடத்தினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"இப்பப் பாருங்க சார், நிக்கிறேனான்னு."

சிரிப்பு நின்றது. "சரிம்மா, கட்டையை எடுங்க" என்றார் கிளார்க். "கால விடுங்க, சூழ்நிலை மாறிப்போச்சுல்ல? கான்கிரீட் வீடு. தம்பி ஆதரவு. ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் இந்தப் பணம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வருவாரு. ஒங்க தம்பி சொல்றதப் பொறுத்துதான்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. தம்பி சோறு போடுவது நிஜம்தானே? பொய் சொல்லியா வாங்கப் போகிறோம்? அப்புறம், கட்டையின் அடியில் தேய்ந்துபோன ரப்பரைப் பார்த்தாள். புது வீட்டு டைல்ஸில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. நாகராசிடம் சொல்லி வாரக்கணக்கில் ஆகிறது. "நாளைக்கு வாங்கிட்டு வாரேன்க்கா" என்பான். மறந்துவிடுவான். கெட்டவன் இல்லை. விழுவது அவன் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒனக்கு என்னக்கா கொறச்சல்? கேட்டா குடுக்க மாட்டேனா?"

"கேக்கணும்ல?"

நாகராசின் மனைவி சரண்யா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன் மதினி, நாங்க சோறு போடலைன்னு இவரு ஆபீசர்கிட்டச் சொன்னா, ஊரு காறித் துப்பாதா?"

"பொய்யெல்லாம் வேணாம். 'அக்காவுக்குச் சோறு போடுறேன், அவ கையில காசு குடுக்கலை.' இம்புட்டுத்தான் நெசம். அதச் சொல்லட்டும்."

நாகராசு டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஆர்.ஐ. வந்தபோது நாற்காலி போட்டான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். கேட்டுக்கு வெளியே அக்கம்பக்கத்தார் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"எங்கக்காவ மகாராணி மாதிரி வச்சிருக்கேன் சார். கவர்மெண்டு காசுல திங்கணும்னு எங்களுக்குத் தலையெழுத்து இல்ல."

"அதான, தம்பின்னா இப்படில்ல இருக்கணும்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். ஆர்.ஐ. எழுத ஆரம்பித்தார்.

அழகிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "மகாராணிக்குக் கட்டைக்கு ரப்பர் மாட்ட வக்கில்ல சார்! டேய், நீ ஊருக்கு விருந்து வைக்கிற. என்னையத் தொட்டுக்க வச்சிக்கிற. ஒனக்குப் பேரு வேணும், அதுக்கு என் காசுதான் கெடச்சுச்சா?"

"அக்கா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். அதுகளுக்குத்தான பேசுன?"

ஆர்.ஐ. பேனாவை மூடினார். "வீட்டுச் சண்டைய நான் எழுத முடியாதும்மா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பாத்துக்கிறவரே ஒத்துக்கிறாரு."

"தனி அடுப்புன்னா?"

"தனியா இருந்தா புதுசா மனுக் குடுங்க. பாப்பாங்க. கெடைக்கும்னு நான் சொல்ல முடியாது."

அழகி அதற்கு மேல் நிற்கவில்லை. கட்டையைத் தட்டித் தட்டிப் பின்கட்டு வழியே ஓட்டு வீட்டுக்குப் போனாள். அடுப்பில் காக்கைக் கூடு மாதிரி குப்பை. கையாலேயே வழித்துப் போட்டாள். "மதினி, வேணாம் மதினி" என்று பின்னாலேயே வந்த சரண்யாவிடம் தீப்பெட்டி கேட்கக்கூட அவளுக்கு மனசில்லை. வெளியே துணி வெளுக்க வெந்நீர் போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கொள்ளிக்கட்டை வாங்கினாள். காய்ந்த ஓலையைச் செருகி ஊதினாள். புகை மூட்டமாகக் கிளம்பியது.

முன்வாசலில் பைக் உதைபடும் சத்தம்.

"சார், போயிறாதீங்க! இங்கிட்டு வந்து பாத்துட்டுப் போங்க!"

கத்திய கத்தலில் பைக் அணைந்தது. ஆர்.ஐ. வந்தார். நிலைப்படி தாழ்வு, குனிந்து நுழைய வேண்டியிருந்தது. கண் எரிய இருமினார்.

"இது என் அடுப்பு. இன்னைக்குத் தேதியப் போட்டு எழுதுங்க" என்றாள் அழகி.