சூடேறாத ஈரத்துணி

கிரெசென்ஸ் ஹெஃபலேயை ஊரில் எல்லோரும் சென்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தெற்கு ஜெர்மனியில், அல்காய் மலையடிவாரத்துக் குளியல் விடுதி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். வந்தவர்களின் முழங்காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, முதுகில் வெந்நீரில் ஊறிய காய்ந்த புல்பூ மூட்டையை ஒத்தடமாக வைப்பது, ஈரத்துணி சுற்றுவது என்று ஒரு ஆயுளே தண்ணீரில் போயிற்று. தொட்டுப் பார்த்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். வெப்பமானி அப்புறமாக வந்து ஆமாம் போடும்.

அவள் வீட்டில் சளிக்கு மாத்திரை வாங்குவது கொலைக் குற்றத்துக்குச் சமம். கணவன் ஆல்பன் பாலாடைக்கட்டி ஆலையில் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றவன்தான். ஆனால் சென்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மறுபேச்சில்லாமல் காலை நீட்டிவிடுவான். ஒரே மகள் இர்மி, அரை மணி நேரத் தொலைவில் கெம்ப்டனில் நர்ஸ். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில் அவள்தான் வாயைக் கொடுத்தாள்.

“அம்மா, நீ ஒரு நாள் அப்பாவைத் தண்ணியிலயே கரைச்சிடப் போற பாரு.”

“என் கையில இதுவரைக்கும் ஒருத்தரும் சாகலடி. உங்க ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்ல முடியுமா?”

அதோடு பேச்சு நின்றது. ஆறு வாரமாக இர்மி போன் செய்தால் ஆல்பன்தான் எடுக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ஆல்பன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தான். சென்சி அவன் கால்களை வெதுவெதுப்பான வாளித் தண்ணீரில் வைத்து, நெற்றி வியர்க்கும்வரை கெண்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுநீர் சேர்த்தாள். லிண்டன் பூக் கஷாயம் கொடுத்து இறகு மெத்தைக்குள் புதைத்தாள். வெள்ளிக்கிழமை தேவலை. சனிக்கிழமை இருமல். ஞாயிறு மத்தியானம் காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டது.

இதற்குத்தான் கெண்டைக்கால் சுற்று இருக்கிறது. கொஞ்சம் வினிகர் விட்ட குளிர்ந்த தண்ணீரில் நார்த்துணியை நனைத்துப் பிழிந்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றி, மேலே காய்ந்த துணி, அதற்கும் மேலே கம்பளி. துணி சூட்டை வாங்கிக்கொண்டதும் மாற்ற வேண்டும். ஒரே ஒரு விதி உண்டு. பாதம் சூடாக இருந்தால் மட்டுமே சுற்றலாம். பாதம் குளிர்ந்திருந்தால் உடம்பு ஏற்கெனவே சூட்டை உள்ளே இழுத்துப் பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் ஈரத்துணி போடுவது ஆபத்து. விடுதியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் சென்சி முதலில் ஓதியது இதைத்தான்.

துணியை நனைத்துப் பிழிந்துவிட்டு, பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடாத்தான் இருக்கு,” என்றாள்.

ஆல்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாத. மூச்சு வீணாகும்.”

பத்து நிமிஷம் கழித்துத் தொட்டபோது துணி அரைகுறைச் சூட்டில் இருந்தது. பிடிவாதக் காய்ச்சல் என்று நினைத்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்த பனியை இரண்டு கை அள்ளி வாளியில் போட்டாள். மறுபடி பிழிந்தாள், தொட்டாள், சூடு என்றாள், சுற்றினாள். இரண்டாவது துணி இன்னும் குறைவாகவே சூடேறியது. மூன்றாவது, கால் மணி நேரம் கழித்தும் சுற்றியபோது இருந்ததுபோலவே ஜில்லென்று கிடந்தது.

துணி சூடேறவில்லை என்றால் உடம்பு பதில் சொல்லவில்லை என்று பொருள். முப்பத்தொரு வருஷத்தில் இதை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் டாக்டர் மாடிப்படியில் ஓடி வந்தார். ஆல்பனின் மூச்சு குட்டை குட்டையாக வந்தது. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது.

கூடத்துக்குப் போய் ரிசீவரில் கை வைத்தாள். இர்மியின் குரல் இப்போதே காதில் கேட்டது. நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? கையை எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு சுற்று, அதற்கும் இறங்காவிட்டால் கூப்பிடலாம். வீம்பு என்பது எவ்வளவு கேவலமான வியாதி என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் திரும்பிப் போய் நான்காவது துணியை நனைத்தாள்.

கட்டிலோரம் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாதம் சூடாகவே இருந்தது. துணியைக் கணுக்காலுக்கு அடியில் செருகக் குனிந்தபோது அவள் கன்னம் அவன் உள்ளங்காலில் பட்டது.

பனிக்கட்டி.

மறுபடி உள்ளங்கையை வைத்தாள். சூடு. கன்னத்தை வைத்தாள். பனிக்கட்டி. முதல் துணியைப் பிழிந்ததிலிருந்தே குளிர்ந்த தண்ணீரில் கிடந்து அவள் கை மரத்துப்போயிருந்தது. அந்தக் கைக்கு வேலிக்கம்பம்கூடச் சூடாகத்தான் தெரியும். குளிர்ந்த காலில், அவளே, மூன்று முறை குளிர்ந்த துணியைச் சுற்றியிருக்கிறாள்.

துணியை வீசியெறிந்து, காலைத் துடைத்து, கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டு ஓடினாள். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்து இர்மி.

“கால் ஜில்லுன்னு இருக்கறப்ப ஈரத்துணி சுத்திட்டேன்டி. மூணு தடவ. உதடு நீலமா இருக்கு.”

இர்மி நேராகக் கேள்விக்கு வந்தாள்.

“நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?”

“முப்பத்தஞ்சு.”

“முதுகுக்குத் தலகாணி வச்சு உக்கார வை. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன்.”

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சென்சிக்கு. பனிச்சாலையில் ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. அதுவரை அவனைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். சில சமயம் அடுத்த மூச்சு வருவதற்குள் அவள் மூச்சு நின்றது.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். நான்காம் நாள்தான் ஆல்பனால் கோவையாக நாலு வார்த்தை பேச முடிந்தது. இர்மி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். மகள் எதிரிலேயே சொல்லிவிட வேண்டும் என்று சென்சி தீர்மானித்திருந்தாள்.

“என் கை மரத்துப் போயிருந்துச்சு ஆல்பன். உன் கால் அவ்ளோ குளிர்ந்து கெடந்தது எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியுமே,” என்றான் ஆல்பன்.

“என்ன தெரியும்?”

“காலைலேருந்தே ஐஸாத்தான் இருந்துச்சு. மொதத் துணியைச் சுத்துனப்பவே உயிர் போயிடுச்சு எனக்கு.”

“அடப்பாவி மனுஷா, அப்புறம் ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?”

“நீதான் தொட்டுப் பாத்து சூடா இருக்குன்னு சொல்லிட்டியே.” அவன் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வெளியே பனி பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். “கட்டிக்கிட்ட இந்த முப்பத்தெட்டு வருஷத்துல நீ தொட்டுச் சொன்னதுக்கு மேல நான் என்னிக்குப் பேசியிருக்கேன்?”

கிறிஸ்துமஸிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இர்மி விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சென்சி கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“இப்ப உனக்குக் குளிருதா?”

இதற்குத் தானாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத ஆல்பன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“கொஞ்சம்,” என்றான்.