போகியில் இழுத்த நாற்காலி

எதிர் வீட்டுக்காரி முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருந்தாள். இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் நான் அவள் காலைப் பற்றி நினைக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என் வீட்டில் தரையைத் தவிர உட்கார ஒன்றும் இல்லையே என்றுதான் நினைத்தேன்.

முப்பது வருடமாகச் சாயங்காலமானால் அவள் என் வீட்டுக்கு வருவாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு பேசுவாள், விளக்கு வைத்ததும் எழுந்து போவாள். நான் அவள் வீட்டுக்குப் போவதில்லை. அவள் மருமகள் ஒருநாள், "இந்தக் கெழவிக்கு வேற வேலயே இல்லியா" என்று என் காதில் விழும்படி சொன்னாள். அன்றோடு அந்தப் படியை மிதிப்பதை விட்டேன். ஆக, அவள் வந்தால் எனக்குப் பேச ஆள் உண்டு, வராவிட்டால் இல்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி அனுப்புகிறேன் என்றான். காலில் பலம் இல்லாதவள் அதன் கையை ஊன்றி எழுந்தால் அது வளையும், அவளும் விழுவாள். வேண்டாம் என்றேன். அதோடு, கேட்டு வாங்கினாள் என்ற பேரும் எனக்கு வேண்டாம்.

போகியன்று காலையில் தெருமுனையில் பழையதெல்லாம் குவித்திருந்தார்கள். பாய், முறம், பஞ்சு பிதுங்கிய தலையணை. அடியில் ஒரு நாற்காலிக் கால் தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் தேக்கு. நெருப்பு அந்தப் பக்கம் வருவதற்குள் இழுத்துவிட்டேன். போகியில் போட்டதை யாரும் திரும்ப எடுப்பதில்லை, எடுத்தால் அதோடு பீடையும் வீட்டுக்குள் வந்துவிடும் என்பார்கள். குவியலைக் கிளறிக்கொண்டிருந்த ஆள், "இன்னா ஆயா, பொங்கலுக்குப் புது சாமானா?" என்றான்.

"ஆமாண்டா, உன் மாமியா வூட்டு சீரு. தூக்கினு வந்து என் வூட்டாண்ட வையி" என்றேன். சிரித்துக்கொண்டே வந்து வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மாதம் அதோடுதான் பேச்சு. உடைந்த கண்ணாடிச் சில்லால் பெயிண்டைச் சுரண்டினேன். கரையான் தின்ற பின்காலில் வேப்பெண்ணெய் ஊற்றி ஊற்றிக் காயவைத்தேன். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் கைரேகை போயிற்று. உட்காரும் இடத்துப் பிரம்பு அறுந்திருந்தது, கூடை பின்னும் ஒயரால் இரட்டையாகப் பின்னினேன். வலது கைப்பிடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், எத்தனை தேய்த்தும் போகவில்லை. மரத்தூளில் பசை குழைத்து அவற்றை அடைத்தேன். அதன்மேல் வார்னிஷ் இரண்டு பூச்சு. விரலால் தடவினால் பள்ளம் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

மாசியில் அவள் வந்தாள். கோலை ஊன்றி, படி ஏற ஒரு யுகம் ஆயிற்று. "வாமே, ஒனக்குத்தான் போட்டு வெச்சிகீறேன், குந்து" என்றேன்.

அவள் உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்தாள். வலது கைப்பிடியைத் தடவினாள், விரல் எதையோ தேடியது.

"பாக்கு தட்டன பள்ளம் எங்கக்கா?"

அவள் புருஷனுடைய நாற்காலி. பாக்கைக் கைப்பிடிமேல் வைத்துக் கல்லால் தட்டுவாராம். நான் இந்தத் தெருவுக்கு வருமுன்னே அவர் செத்துப்போனார், அப்போதிருந்து மாட்டுக் கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை, இவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மருமகள் போகியில் தள்ளியிருக்கிறாள். நான் அவர்கள் கொட்டகைப் பக்கம் போனதேயில்லை, எனக்கெப்படித் தெரியும்?

"அடச்சிட்டேன்" என்றேன். "தோண்டி எடுத்துரட்டுமா?"

"வாணாம். நீ தோண்டனா அது நீ தோண்டன பள்ளம்."

உட்காரு என்று மறுபடி சொன்னேன். புருஷன் நாற்காலியில் பெண்டாட்டி உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நானும் என் வீட்டுக்காரர் இடத்தில் உட்கார்ந்ததில்லை. "அவரு குந்தன எடத்துல நான் எப்டிக்கா குந்துவேன்" என்றாள். அப்படியென்றால் உன் வீட்டுக்கே கொண்டுபோ என்றேன். மருமகள் அடுத்த போகி வரைக்கும்கூட விட்டுவைக்க மாட்டாள், இங்கேயே கிடக்கட்டும் என்றாள்.

பிறகு ஒரு ஸ்டூல் தேடிக் கொண்டுவந்து, அதன் ஆடுகிற காலை மாற்றி, நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். அதிலும் உட்காரவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லையாம்.

இப்போதும் வருகிறாள். கோலை ஊன்றி நாற்காலிக்கு எதிரில் நிற்பாள். என்னிடம் மழை, ரேஷன் என்று இரண்டு வார்த்தை. அதற்குமேல் அவளுக்கு என்னிடம் பேச்சு ஓடுவதில்லை. நான் அடுப்பில் வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன். அப்புறம் அவள் குரல் மெதுவாகக் கேட்கும். கால் எந்தப் பக்கம் இழுக்கிறது, மகள் என்ன சொன்னாள், மருமகள் இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள். முன்னே என்னிடம் சொன்னதெல்லாம்தான். கால் தாங்குகிற மட்டும் நின்றுவிட்டு, "வரேங்க்கா" என்று குரல் கொடுத்துப் போவாள்.

நாற்காலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டால் ஸ்டூலில் உட்காருவாளோ என்னவோ. போட்ட பிறகு வருவாளா என்று தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறேன்.