ஏலக்காரரின் வாய்

"நாப்பத்திரண்டாயிரம்! பழைய சரக்குதான், ஆனா அழுகல் இல்ல! கேக்கறவங்க கேளுங்க! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஏலக்காரர் கொசுவலைக்குள் சாய்ந்தபடியே கூவ ஆரம்பித்துவிடுவார். ஏலத்துக்கு வந்திருப்பவை அவருடைய தட்டணுக்கள். நேற்று அறுபதாயிரம் இருந்தன. "வெல எறங்கிட்டே போகுது சிஸ்டர், இப்ப வாங்கிப் போட்டா லாபம்." நர்ஸ் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். எதிர்க் கட்டிலில் என் மைத்துனருக்குத் துணையிருக்கும் நான் அந்தப் பாடெல்லாம் படுவதில்லை.

காய்கறிச் சந்தையில் வாய்தான் அவருக்கு முதல். "மூணு தரம்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, பெற்ற அப்பன் வந்து நின்றாலும் சரக்கு கிடையாது. போன மாதம் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அறுத்த நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் கையை வீசித் தட்டக்கூடாது என்று உத்தரவு. "அத எவனோ கொசுகிட்ட போட்டுக் குடுத்துட்டான் சார். கண்ணு முன்னாடியே உக்காந்து, நிதானமா சாப்டுட்டுப் போச்சு." டெங்கு வந்துவிட்டது.

தண்ணீருக்குத் தினமும் சண்டை. குறைந்தால் காய்ச்சல் ஆளைச் சுருட்டிவிடும், கூடினால் இதயம் தாங்காது. அளவுக் குவளையை நீட்டினால், "இதுல நாங்க வாய்கூடக் கொப்புளிக்க மாட்டோம்" என்பார்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை இப்போது நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்காவது ரத்தம் கசியும். நிறுத்தினாலோ வால்வு அடைத்துக்கொள்ளலாம். "வால்வுச் சத்தம் மங்குற மாதிரி இருந்தா ஒடனே கூப்பிடுங்கம்மா" என்று ஏலக்காரரின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். உலோக வால்வின் அந்த 'டிக் டிக்' ஏலக்காரர் வாயைத் திறந்தால்தான் நன்றாகக் கேட்கிறது. அந்த வாய் திறந்தாலோ உலகத்தில் வேறெதுவும் கேட்காது.

நர்ஸ் டார்ச் அடித்து, ஈறில் ரத்தம் இல்லை என்று பார்த்துவிட்டு நகர்ந்தார். அடுத்தது மனைவியின் முறை.

"வாய மூடாதீங்க. பேசவும் பேசாதீங்க."

வலையை விலக்கி அவர் உதட்டருகே காதை வைத்தார் அந்த அம்மாள். இந்த நேரத்தில் வார்டில் யாரும் இருமுவதுகூட இல்லை. எனக்கே பயமாக இருக்கும். இன்று அந்த அம்மாள் காதை எடுக்கவே இல்லை.

வாயைப் பிளந்துகொண்டு கிடந்த ஏலக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு விரலை உயர்த்தினார். இரண்டாவதையும் உயர்த்தினார். மூன்றாவது எழுவதற்குள் அந்த அம்மாள், காதை எடுக்காமலே, அவர் கையைப் பிடித்து விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.